டைனினுக்கும் டைனாக்டினுக்கும் நடுவில்

ஐம்பதை நெருங்கும் ஆள் ஒரு புரதத்தின் மேல் பொறாமைப்படலாமா என்று யாராவது கேட்டால், தாராளமாகப் படலாம், நான் பட்டிருக்கிறேன் என்று சொல்வேன். அதுவும் கண்ணுக்குத் தெரியாத அளவில் இருக்கும் புரதம்.

விஷயம் வளைகுடாவில், அல் குசைஸ் என்ற பேட்டையில், எங்கள் வீட்டுக் கூடத்தில் ஆரம்பித்தது. என் மனைவி இங்கே ஒரு இந்தியப் பள்ளியில் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு உயிரியல் நடத்துகிறாள். நான் ஊருக்குப் பெட்டி அனுப்பும் கார்கோ கம்பெனி ஒன்றில் கிடங்கைப் பார்த்துக்கொள்கிறேன். பெண் கோயம்புத்தூரில் கல்லூரியில் சேர்ந்துவிட்டதால் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். ஒரு சாயங்காலம் டூட்டி முடிந்து வந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தபோது அவள் போனில் சிரித்துக்கொண்டிருந்தாள். சும்மா சிரிப்பு இல்லை. தலையைப் பின்னால் சாய்த்து, நடுவில் மூச்சு வாங்கி, புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் சிரிப்பு. அந்தச் சிரிப்பை எனக்கு நன்றாகத் தெரியும். கல்யாணமான புதிதில் அதன் மொத்த விற்பனை உரிமை என்னிடம்தான் இருந்தது.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. நான் தமாஷ் பேர்வழி. கிடங்கில் நான் வாயைத் திறந்தால் லோடு ஏற்றுகிற பாகிஸ்தானிகூட, பாஷை புரியாமலே சிரிப்பான். வீட்டில் மட்டும் சில வருஷங்களாக என் ஜோக்குகளுக்கு ஒரே பதில்: "ம்". ரொம்ப நல்ல ஜோக்காக இருந்தால், "ம். சாப்பிடுறீங்களா?"

அப்படிப்பட்டவளை யார் இப்படிச் சிரிக்க வைப்பது? போனை வைத்ததும் சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டேன். பிசிக்ஸ் சார் என்றாள். அப்படி என்ன ஜோக் என்றேன்.

"ஜோக்கெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. அவரு டைனின் மாதிரி நடந்து காட்டுனாராம், ஸ்டாஃப் ரூம்ல. அதான். சொன்னா உங்களுக்குப் புரியாது."

புரியாது என்று சொன்னது பரவாயில்லை. சொல்லும்போதே அந்த நடையை மனதுக்குள் இன்னொரு தடவை பார்த்துச் சிரித்துக்கொண்டாள் பாருங்கள், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது, யார் அந்த டைனின் என்று விடாமல் கேட்டேன். விவரம் தெரியாமல் யாரையும் வெறுக்கக் கூடாது என்பது என் கொள்கை. அவள் மேஜை விரிப்பின் தையல் ஓரத்தில் இரண்டு விரலை வைத்து நடத்திக் காட்டினாள். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் நுண்குழல் என்று நீளநீளமான பாதைகள் இருக்கின்றனவாம். அவற்றின் மேல் சில புரதங்கள் நடக்கின்றன. உவமைக்குச் சொல்வதில்லை, நிஜமாகவே இரண்டு கால் வைத்து, ஒன்று மாற்றி ஒன்றாக, சரக்கைச் சுமந்துகொண்டு நடக்கின்றன. செல்லின் நடுவிலிருந்து விளிம்புக்குக் கொண்டுபோகிறவர் பெரும்பாலும் கைனசின். விளிம்பிலிருந்து நடுவுக்குத் திருப்பிக் கொண்டுவருகிறவர் டைனின். ஏடிபி என்ற எரிபொருளை எரித்து எரித்துத்தான் காலை எடுத்து வைக்கிறார்கள்.

பிறகு அவள் தன் காலை நீட்டி, இடுப்பிலிருந்து கட்டைவிரல் வரை விரலால் ஒரு கோடு இழுத்தாள். முதுகுத்தண்டில் இருக்கும் ஒரே ஒரு நரம்பு செல்லின் வால் அவ்வளவு தூரம் ஓடுகிறது. அந்த நுனியில் கிடைக்கும் செய்தியைச் சின்னப் பை ஒன்றில் போட்டு, அத்தனை தூரமும் நடந்து உட்கருவுக்குக் கொண்டுவருவது டைனினின் வேலை.

"வரலேன்னா?" என்றேன்.

"நுனியில நம்மளக் கவனிக்க யாரும் இல்லன்னு அந்த செல் முடிவு பண்ணிரும். சில செல்லு அதுலயே செத்தும் போயிரும்."

நான் பிய்த்த தோசையைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். அவள் தண்ணீரை நகர்த்திவிட்டு, பிசிக்ஸ் சாரின் கால்கள் எப்படி டைனினுக்குத் தோதாக இருக்கின்றன என்று விளக்கத் தொடங்கினாள். டைனின் கைனசினைப்போல ஒழுங்காக நேர்கோட்டில் நடக்காதாம். கொஞ்சம் தள்ளாடும், பக்கவாட்டில் கால் வைக்கும், சமயத்தில் பின்னாலும் ஒரு எட்டு வைக்கும். அதை அவர் அப்படியே செய்கிறாராம். பள்ளியில் பெற்றோர் வந்து பார்க்கும் அறிவியல் நாள் வருகிறது. அன்று பெரிய ஹாலையே ஒரு நரம்பு செல்லாக மாற்றி, தரையில் மஞ்சள் டேப் ஒட்டி, மனிதர்களே புரதங்களாக நடக்கப்போகிறார்கள். டைனின் அவர்.

பொறாமையின் முதல் வேலை, படிக்க வைப்பது. நான் பத்தாம் வகுப்பில்கூட உயிரியல் புத்தகத்தை இப்படிப் புரட்டியதில்லை. மறுநாள் கிடங்கில் இரண்டு லோடுக்கு நடுவில் போனில் வீடியோ தேடிப் பார்த்தேன். ஒல்லியாக ஒருத்தன், தன்னைவிடப் பல மடங்கு பெரிய உருண்டையைத் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு, ஆடி ஆடிக் குழாய் மேல் நடந்து போகிறான். எங்கள் பேக்கிங் மேஜையைப் பார்த்துக்கொள்ளும் பாய் ராமநாதபுரம் பக்கம். என் வயதுதான், என்னை மச்சான் என்று கூப்பிடுவார். அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது இவனுக்கு ஓவர்டைம் உண்டா என்று. அப்புறம் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"ஹெல்பர் இல்லாம ஒத்தையில போறானே மச்சான். நம்ம வண்டி ஹெல்பர் இல்லாம கிடங்கு கேட்டத் தாண்டுமா?"

தாண்டாது. எங்கள் கம்பெனியில் டிரைவர் எவ்வளவு பெரிய சூரனாக இருந்தாலும், ஹெல்பர் ஏறாமல் வண்டி கிளம்பக் கூடாது என்பது சட்டம். அடுத்த வீடியோவைப் பார்த்தபோதுதான் டைனினுக்கும் அதே சட்டம் என்று தெரிந்தது. எனக்கு அதில் ஒரு அற்ப சந்தோஷம். பெரிய மோட்டார் புரதம் என்று பெயரே தவிர, தனியாக விட்டால் ஐயா தன்னையே கட்டிக்கொண்டு சுருண்டு கிடப்பார். டைனாக்டின் என்று நீளமான துணைப்புரதம் ஒன்று வந்து சேர வேண்டும். கூடவே, சரக்கைப் பிடித்திருக்கும் அடாப்டர் என்ற இன்னொன்றும் வர வேண்டும். மூன்றும் கூடினால்தான் நிமிர்ந்து நெடுந்தூரம் நடப்பார். துணையில்லாமல் ஒன்றுக்கும் ஆகாதவன் என்று நான் பாயிடம் சொன்னேன். எந்த பிசிக்ஸ் வாத்தியாரையும் மனதில் வைத்துச் சொல்லவில்லை.

சந்தோஷம் வீட்டுக்கு வரும் வரைதான். அப்படியானால் டைனாக்டினாக யார் நடக்கிறார்கள் என்று விசாரித்தேன்.

"நான்தான்," என்றாள்.

சேர்ந்தால்தான் நடப்பார்களாம். ஹாலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை. ஒத்திகை தினமும் பள்ளி விட்ட பிறகு.

அந்த வாரம் நான் பட்ட பாட்டை எழுதவே வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் வேறு யாரும் எழுதப்போவதில்லை. மீசைக்குச் சாயம் பூசினேன். அது மேலுதட்டில் இறங்கி, இரண்டு நாள் மசி குடித்தவன் மாதிரி அலைந்தேன். பாயிடம் அத்தர் வாங்கிப் பூசிக்கொண்டேன். லிஃப்டில் கூட வந்த எகிப்துக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு அடுத்த தளத்திலேயே இறங்கிவிட்டார். அவர் வீடு அதற்கும் மேலே. மனைவியைச் சிரிக்க வைக்க உயிரியல் ஜோக் ஒன்று தயார் செய்தேன், மைட்டோகாண்ட்ரியா டாக்ஸி பிடித்து டூட்டிக்குப் போகிற மாதிரி. நீளமான ஜோக், முடிவதற்குள் அவள் குறுக்கிட்டு, மைட்டோகாண்ட்ரியாவை நிஜமாகவே கைனசின்தான் தூக்கிக்கொண்டு போகிறது, அதில் ஜோக் என்ன இருக்கிறது என்று கேட்டாள். பிறகு சாம்பாரை நகர்த்தினாள்.

பிசிக்ஸ் சாருக்கு மனைவி உண்டு, இரட்டைக் குழந்தைகள் உண்டு என்பதெல்லாம் எனக்குத் தெரியும். என் மனைவி எப்படிப்பட்டவள் என்பதும் தெரியும். பொறாமைக்கு இந்த மாதிரி விவரங்களால் ஒரு பயனும் இல்லை. அவளை அவர் கூட்டிக்கொண்டு ஓடிவிடுவார் என்று நான் பயப்படவில்லை. அந்தச் சிரிப்பு இனிமேல் என் பக்கம் வரவே வராது என்றுதான் பயந்தேன்.

அறிவியல் நாளுக்கு முன்பு அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: கிடங்கிலிருந்து ஒரு பெரிய அட்டைப்பெட்டி. அதுதான் செய்தி கொண்டுபோகும் பை. உள்ளே போட வண்ண வண்ணப் பிளாஸ்டிக் பந்துகளை ஒரு கவரில் கொடுத்தனுப்பினாள். உட்கரு வந்ததும் பெட்டியைத் திறந்து பந்துகளைக் கொட்டுவார்கள். பிள்ளைகள் ஓடிப் பிடிப்பார்கள். நான் கிடங்கின் முதல் தரப் பெட்டியை எடுத்து, என் கையாலேயே கட்டினேன். கார்கோ பெட்டி கட்டத் தெரிந்தவன் கட்டும் விதமே வேறு. ஆறு பக்கமும் டேப், மேலே குறுக்கும் நெடுக்கும் நைலான் கயிறு, எல்லாப் பக்கமும் மார்க்கரில் பெரிய எழுத்து. 'பெறுநர்: உட்கரு' என்று எழுதினேன். நம் பங்குக்கு ஒரு தமாஷ் இருக்கட்டுமே என்று.

வெள்ளிக்கிழமை பள்ளி அரைநாள். கடைசி ஒத்திகை அன்று மத்தியானம். நான் டூட்டியில் அனுமதி வாங்கி, பெட்டியையும் அதற்கு ஒரு டிராலியையும் ஏற்றிக்கொண்டு போனேன். வாசலில் அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு, கழுத்தில் 'விசிட்டர்' என்று ஒரு அட்டையை மாட்டிவிட்டார்கள். என் நிலைமைக்குப் பொருத்தமான சொல்தான்.

ஹாலில் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். பிசிக்ஸ் சார் காலில் அட்டையால் செய்த பெரிய ஷூ இரண்டை மாட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அந்த ஷூவோடு தத்தித் தத்தி ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். திருநெல்வேலிக்காரர்.

"வாங்க அண்ணாச்சி. மேடம் உங்களப் பத்திப் பேசாத நாளே கெடையாதுல்லா."

அண்ணாச்சியாம். என்னைவிட மிஞ்சிப் போனால் நாலு வயது சின்னவர். என்ன பேசுவாள் என்று கேட்டேன். நான் சொன்ன ஜோக்கையெல்லாம் ஸ்டாஃப் ரூமில் சொல்வாளாம். ஒன்றை எனக்கே சொல்லிக் காட்டினார்: "'நான் அனுப்புற பெட்டிக்கெல்லாம் ஊருக்குப் போக லீவு கெடைக்குது, எனக்குத்தான் கெடைக்கல'ன்னு சொன்னியளாமே." சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். வீட்டில் வெறும் 'ம்' வாங்கிய ஜோக் அது. இங்கே வந்து அந்த மனிதரின் வாயில் உட்கார்ந்துகொண்டு இவ்வளவு சிரிப்பை வாங்கியிருக்கிறது. என் பொறாமை இப்போது என் ஜோக் மேலேயே பாய்ந்தது.

அப்போதுதான் தெரிந்தது, அடாப்டராக நடக்க வேண்டிய கெமிஸ்ட்ரி டீச்சர் வரவில்லை. குழந்தைக்குக் காய்ச்சல். மனைவி கையில் நீளமான நுரைக்குழாயுடன், அதுதான் டைனாக்டினின் உடம்பு, யோசித்துக்கொண்டு நின்றாள். அடாப்டர் எங்கே நிற்க வேண்டும் என்று கேட்டேன்.

"நடுவுல."

"யாருக்கு நடுவுல?"

"டைனினுக்கும் டைனாக்டினுக்கும் நடுவுலங்க. வேற யாருக்கு?"

நானே நிற்கிறேன் என்று நான் சொன்ன வேகத்தில் இரண்டு பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில், எல்லோரும் பார்க்க, பள்ளியின் அனுமதியோடு நிற்கும் வேலை. விஞ்ஞானம் என் பக்கம் இருக்கிறது என்று நான் முதல் முறையாக நம்பினேன்.

போய் நின்றேன். பிசிக்ஸ் சாரின் இடுப்பிலிருந்து ஒரு கயிறு, மனைவியின் இடுப்பிலிருந்து ஒரு கயிறு. இரண்டையும் சேர்த்து என் வலது கையில் கொடுத்தார்கள். இடது கையில் பெட்டி இருந்த டிராலி. பிறகு அவள் பிள்ளைகளைப் பார்த்து ஆங்கிலத்தில் விளக்கினாள். எனக்கு நன்றாகவே புரிந்தது. டைனினும் டைனாக்டினும் தாமாகச் சந்தித்தால் லேசாக உரசிக்கொண்டு பிரிந்துவிடும். அவற்றுக்குள் அப்படியொன்றும் ஒட்டுதல் கிடையாது. நடுவில் நீளவாக்கில் வந்து படுத்து, இரண்டையும் இறுக்கிச் சேர்த்துப் பிடித்து, பிரியாமல் பார்த்துக்கொள்வதுதான் அடாப்டரின் வேலை.

நான் கையில் இருந்த இரண்டு கயிறுகளையும் பார்த்தேன். பிரிக்கலாம் என்று நடுவில் புகுந்தவன் கையில் சேர்த்து வைக்கும் வேலையைக் கொடுத்திருந்தார்கள்.

பிசிக்ஸ் சார் திரும்பி, கள்ளங்கபடம் இல்லாமல் சொன்னார்: "கெட்டியாப் பிடிச்சுக்கிடுங்க அண்ணாச்சி. நீங்க விட்டா நானும் மேடமும் பிரிஞ்சிருவோம்."

நடந்தோம். அவர் தள்ளாடினார், பக்கவாட்டில் கால் வைத்தார், ஒரு எட்டு பின்னால் வந்து என் காலை மிதித்தார். பிள்ளைகள் சிரித்தார்கள். என் வலது பக்கம் மனைவியும் சிரித்தாள், அதே சிரிப்பு. பாதி ஹால் தாண்டும்போது என் வலது கை திறந்துகொண்டது. எப்படித் திறந்தது என்று கேட்காதீர்கள்.

கயிறுகள் விழுந்தன. அவர் ஒரு பக்கம் போனார், அவள் ஒரு பக்கம் போனாள், டிராலி நடுவில் நின்றது. நான் முகத்தில் வருத்தத்தை வரவழைத்துக்கொண்டேன். என் மனைவி ஒரு வினாடிகூடத் தடுமாறவில்லை. பிள்ளைகளைப் பார்த்து, இதோ பாருங்கள், அடாப்டர் கெட்டுப்போனால் இதுதான் நடக்கும், சரக்கு பாதி வழியில் நின்றுவிடும், சில நரம்பு நோய்களில் இப்படித் துணைப்புரதங்களில்தான் கோளாறு என்று சொல்லி, என்னை நுரைக்குழாயால் சுட்டிக் காட்டினாள். நோயின் உதாரணமாக நான் நின்றேன். அவரோ உடனே தரையில் உட்கார்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு, துணையில்லாத டைனினாகச் சுருண்டு கண்ணை மூடிக்கொண்டார். ஹாலே அதிர்ந்தது. என் மனைவி நுரைக்குழாயில் சாய்ந்துகொண்டு சிரித்தாள். என் சதியை வைத்தே அவர் ஜெயித்துவிட்டார்.

மறுபடி கயிற்றைக் கொடுத்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கரு வரை கொண்டுபோய்ச் சேர்த்தேன். அங்கே பெட்டியைத் திறக்க வேண்டும். பிசிக்ஸ் சார் கயிற்றை இழுத்தார். இன்னொரு ஆசிரியர் சாவியால் அறுத்துப் பார்த்தார். பி.டி. சார் தூக்கிப் பார்த்துவிட்டு, பந்துக்கா இவ்வளவு கனம் என்று கேட்டார். கடைசியில் நானே கத்தி வாங்கி, தொழில் சுத்தமாக நாலு வெட்டில் திறந்து, கவிழ்த்தேன்.

முதலில் விழுந்தது ஒரு கம்பளி. பிறகு குளிக்கிற சோப்பு, டஜன் கணக்கில். தலைவலித் தைலம். ஆரஞ்சு ஜூஸ் பவுடர் டப்பா இரண்டு. முந்திரி. டார்ச் லைட். அதற்கெல்லாம் பிறகு, வெட்கப்பட்டுக்கொண்டு, ஏழெட்டு வண்ணப் பந்துகள்.

எனக்கு அதில் விசித்திரமாக எதுவும் படவில்லை. பிள்ளைகள் திகைத்துப் பார்த்தபோது, கிடங்கில் புதுப் பையன்களுக்குச் சொல்லும் அதே தொனியில், முழு அக்கறையோடு விளக்கினேன். பெட்டிக்குள் காலி இடம் விடக் கூடாது. விட்டால் மேலே அடுத்த பெட்டி ஏறும்போது அமுங்கிவிடும். பந்து பாதிப் பெட்டிக்குத்தான் வந்தது. பந்து அமுங்கும் என்பதால் அதையும் குறைத்துக்கொண்டு, ஊருக்கு அனுப்ப நான் வாங்கி வைத்திருந்ததில் கைக்குக் கிடைத்ததை வைத்து மூலையெல்லாம் அடைத்தேன். கம்பளி கட்டாயம், அதிர்ச்சி தாங்கும்.

"உட்கருவுக்கு எதுக்கு அங்கிள் சோப்பு?" என்று ஒரு பெண் ஆங்கிலத்தில் கேட்டாள். வீட்டுக்குப் பெட்டி அனுப்புகிறவர்கள் சோப்பு வைக்காமல் யார் அனுப்புவார்கள் என்று நான் நிஜமாகவே திருப்பிக் கேட்டேன்.

என் மனைவி தரையில் உட்கார்ந்துவிட்டாள். நுரைக்குழாய் ஒரு பக்கம் உருண்டு போனது. தலையைப் பின்னால் சாய்த்து, நடுவில் மூச்சு வாங்கி, பேச முடியாமல் கையை மட்டும் ஆட்டி ஆட்டிச் சிரித்தாள். நான் ஜோக் எதுவும் சொல்லவில்லையே என்று முழித்துக்கொண்டு நின்றேன். பிசிக்ஸ் சாரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே ஒரு தைலப் பாட்டிலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டதையும் கவனித்தேன்.

காரில் திரும்பிக்கொண்டிருந்தோம். சிக்னலில் நின்றபோது அவள் முன்கண்ணாடியைப் பார்த்தபடியே கேட்டாள்.

"வேணும்னேதான விட்டீங்க?"

"கை வழுக்கிருச்சு."

"உங்களுக்குக் கயிறு வழுக்குமா? நீங்க கட்டுன பெட்டிய மூணு வாத்தியாருங்க சேர்ந்து அவுக்க முடியல."

இனி மறைத்துப் பயனில்லை என்று, டைனினாக நடக்க ஏன் என்னைக் கேட்கவில்லை என்று கேட்டுவிட்டேன். கேட்டது என் காதுக்கே பத்து வயதுப் பையன் குரலாகத்தான் இருந்தது.

"நீங்க நடந்தா நான் எங்கங்க பாடம் நடத்துறது? உங்களப் பாத்து சிரிச்சுக்கிட்டே நிப்பேன்."

"வீட்ல சிரிக்கவே மாட்டேங்குறே."

அவள் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "வீட்ல நீங்க சிரிக்க வைக்கணும்னே பாத்துக்கிட்டு இருக்கீங்க. சொல்லி முடிச்சதும் என் மூஞ்சிய உத்துப் பாக்குறீங்க. எக்ஸாம் பேப்பர் திருத்துற மாதிரி இருக்கு எனக்கு."

பின்னால் இருந்த வண்டி ஹாரன் அடித்தது. பச்சை விழுந்து கொஞ்ச நேரம் ஆகியிருக்க வேண்டும். வண்டியை எடுத்தேன். ரவுண்டானா தாண்டிய பிறகு, நாளைக்கும் நீங்கள்தான் அடாப்டர், கெமிஸ்ட்ரி டீச்சரின் குழந்தைக்கு இன்னும் காய்ச்சல் விடவில்லை என்றாள்.

சனிக்கிழமை ஹால் நிறையப் பெற்றோர்கள். புதுப் பெட்டியில் பந்துகள் மட்டும், என் முன்னாலேயே அவள் அடைத்தாள். டேப்கூட ஒட்ட விடவில்லை. பொறாமை போய்விட்டதா என்றால், இல்லை. அந்த மனிதர் முதல் எட்டு வைத்ததுமே கூட்டம் சிரித்தது, அவளும் சிரித்தாள், எனக்கு அது பழையபடியே பொறுக்கவில்லை. ஆனால் இரண்டு கயிற்றையும் உள்ளங்கையில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்திருந்தேன். பாதி ஹாலில் அவர் வேண்டுமென்றே ஒரு பக்கமாக இழுத்தபோது பிடித்து உள்ளே இழுத்தேன். அவள் தோளும் அவர் தோளும் என் இரண்டு பக்கமும் வந்து முட்டின. அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் முன்னால் பார்த்து நடந்தேன். ஜோக் எதுவும் சொல்லவில்லை, அவள் முகத்தையும் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்பது கழுத்துக்குத்தான் தெரியும்.

உட்கரு வந்தது. பெட்டி ஒரே கையில் திறந்தது, பந்துகள் ஓடின, பிள்ளைகள் பின்னாலேயே ஓடினார்கள். சரக்கு வந்து சேர்ந்ததும் இந்தக் கூட்டு பிரிந்துவிடும் என்று அவள் பெற்றோர்களுக்கு விளக்கிவிட்டு, என் பக்கம் திரும்பி மெதுவாக, "விடலாங்க," என்றாள்.

அவருடைய கயிற்றை உடனே விட்டேன். அவளுடைய கயிற்றை, அவள் இரண்டாம் தடவை சொன்ன பிறகுதான் விட்டேன்.